சாம்பிராணிப் படகு

அக்கா,

இன்று காலையில் கால்வாய்க் கரையில் படகுக்குக் குங்கிலியப் பிசின் காய்ச்சினோம். சட்டியில் எண்ணெய் சூடேறி, முதல் கைப்பிடித் தூள் உள்ளே விழுந்து வாசனை கிளம்பியதுமே நான் திரும்பிப் பார்த்தேன். நீ வழக்கமாக உட்காரும் சவுக்குக் கட்டை காலியாக இருந்தது. வருஷா வருஷம் படகைக் கரையேற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியக் குழம்பைப் பூசி மறுபடி தண்ணீரில் இறக்குகிறோம். நீ பக்கத்தில் இல்லாமல் அது நடப்பது இதுதான் முதல் தடவை.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்திருந்தாலும் நானேதான் வந்து உரக்கப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். நீயும் பாதியிலேயே நிறுத்தி, "அது அப்படி நடக்கலடீ" என்று சண்டைக்கு வந்திருப்பாய். இந்தத் தடவை குறுக்கே பேச நீ இல்லை. நான் சொல்கிறபடிதான் நடந்தது என்று வைத்துக்கொள்.

நாம் பழகியதே கரியால்தான். மயிலாப்பூர்க் கடைத்தெருவில் உன் வீட்டுக்காரருக்குச் சாம்பிராணிக் கடை. கால்வாய் ஓரத்தில் எங்களுக்கு விறகுத் தொட்டி. தெற்கேயிருந்து சவுக்குக் கட்டையை எங்கள் படகில் ஏற்றி வந்து பிளந்து விற்போம், கூடவே கரியும் விற்போம். உங்கள் தூபக்காலுக்குத் தணல் வேண்டும், எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைக்குச் சாம்பிராணி வேண்டும். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நீ கரி வாங்க வருவாய். வாங்கிய கரி கூடையில் கிடக்கும், நீ பேசிக்கொண்டே நிற்பாய். உங்கள் கடையில் கோயிலுக்கு ஒரு சரக்கு, கடற்கரை மாதா கோயிலுக்கு ஒரு சரக்கு, தர்காவுக்கு ஒரு சரக்கு என்று தனித்தனியாகப் போகும். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டையும் மண்ணும் பொறுக்கி, வெள்ளைக் கட்டி வேறு, பழுப்பு வேறு என்று பிரிக்கிற உனக்கு ஒரே ஒரு சரக்கின்மேல்தான் பெருமை. பால்போல் வெளுத்த சாம்பிராணி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நகைக்காரர் வைரம் காட்டுகிற மாதிரி எனக்குக் காட்டுவாய்.

மங்கா பிறந்தபோது எனக்குத் தாய் வீட்டு ஆள் என்று யாரும் வரவில்லை. நீதான் வந்தாய். சாயங்காலம் தவறாமல் தூபக்காலோடு வந்து நிற்பாய். கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் ஈரத் தலைமுடியைப் பரப்பி, அடியில் புகை போடுவாய். பிறகு உன் உள்ளங்கையைப் புகையில் காட்டி, அந்தச் சூட்டோடு குழந்தையின் உச்சந்தலையில் வைப்பாய். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, "ஈரமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பாய். அந்தக் கையை எனக்குப் பிடிக்கும் அக்கா. எத்தனை கோபத்தில் இருந்தாலும் அந்தக் கை வந்தால் நான் அடங்கிவிடுவேன்.

மங்கா தவழ ஆரம்பித்த வருஷம் மழைக்காலக் காய்ச்சலில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். படகு கரையேறியது. கோடை முழுக்க வெயிலில் கிடந்து பலகைகள் சுருங்கி, இடுக்குகள் விரிந்துவிட்டன. வழக்கமாகப் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் பூச வரும் ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்றான், வரவில்லை. மறுபடி சொல்லி அனுப்பியபோது, வீட்டில் ஆம்பிளை யாராவது வந்து கூப்பிடட்டும் என்றானாம். அந்த ஆம்பிளை, அதாவது என் கொழுந்தனார், அவனைக் கூப்பிடப் போவதாக இல்லை. அவர் கணக்கு வேறு.

"அண்ணி, படகு வாயப் பொளந்துக்கினு கீது. மழைக்கு முன்ன ஒடச்சு வெறகாக்கிடலாம். நனைஞ்ச மரத்த எவன் வாங்குவான்? நீங்க ஊட்ல இருங்க, தொட்டிய நான் பாத்துக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் பெண்டாட்டி கரையில் நின்று கூலியாட்களோடு பேசுவதை நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்கிற பயம் அவருக்கு. ஆனால் படகு போனால் கட்டைக்கு இன்னொருவன் வாசலில் நிற்க வேண்டும். அப்புறம் தொட்டி பெயருக்குத்தான் எங்களுடையது. அவர் கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு நானும் மங்காவும் ஒரு மூலையில் கிடக்க வேண்டும். அந்தச் சமயம் மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து வரிசை வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியும், அத்தனை அடுப்புக்கும் விறகு வேண்டும். இது தெரிந்தும் படகைப் பிளக்க நான் என்ன பைத்தியமா? கோடாலியோடு வருகிறவன் முதலில் என்னைத் தாண்டி வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். உன் வீட்டுக்காரர் சரக்கு வாங்க நாகூர்ப் பக்கம் போயிருந்தார். நான் அழுவேன் என்று நீ நினைத்தாய். நான் படகுக்குப் பூசக் குங்கிலியம் வேண்டும் என்று கேட்டேன்.

உன் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. உனக்குக் குங்கிலியம் என்றால் மூட்டையாக வந்து மூட்டையாகக் கடைக்குப் போகிற சரக்கு. உன் கைக்கு அது வருவதே இல்லை. தீக்காயத்துக்கு வெண்ணெய் எடுப்பதைத் தவிர அது வேறு எதற்கு ஆகும் என்று நீ கேட்டதும் இல்லை. "அந்த மட்டச் சரக்கையா ஒனக்குக் குடுப்பேன்?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாய். தர்கா கந்தூரி விழாவுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சாம்பிராணியைப் பெட்டியோடு தூக்கி வந்தாய். வாசனை ஒசத்தி என்றால் பிடிப்பும் ஒசத்தியாகத்தான் இருக்கும் என்று நீ சொன்னாய், நானும் நம்பினேன். எங்கள் படகை ஓட்டுகிற கிழவர், ஊரெல்லாம் நைனா என்று கூப்பிடுகிறவர், மஞ்சளாக ஏதோ கட்டியைப் போடுவார்கள், இது வெள்ளையாக இருக்கிறதே என்று இழுத்தார். ஒசத்தியானதைக் கொடுக்கிறேன், கம்மென்று இரும் என்று அவரை அடக்கிவிட்டாய்.

அன்றைக்கு நம் கரை இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சட்டியில் சாம்பிராணி விழுந்ததும் புகை எழும்பிக் கால்வாயின் இரண்டு கரைக்கும் பரவியது. குடிசைகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றவள் ஒருத்தி மெதுவாக வந்து புகைக்கு முடியைக் காட்டினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீ கரண்டியும் கையுமாக அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாய். படகு வேலையா, பிள்ளைபெற்ற வீடா என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

சாம்பிராணி எண்ணெயோடு சேரவே இல்லை. கட்டி கட்டியாக அடியில் உட்கார்ந்தது. சேராததை நாம் கிண்டிக் கிண்டிப் பூசினோம். படகைத் தண்ணீரில் இறக்கியபோது கொழுந்தனாரும் வந்து நின்றார். மத்தியானத்துக்குள் உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பூச்சு பொரியாய்ப் பெயர்ந்து மிதந்தது.

"இன்னாமா இது, படகுதான் ஓட்டை, வாசன மட்டும் சொர்க்கத்துக்குப் போய்க்கினு கீது" என்றார் நைனா. கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாம்பிராணிப் படகு என்று அன்றைக்கு வைத்த பெயர் இன்றும் போகவில்லை. மடச் சாம்பிராணிகள் இரண்டு பேர் சேர்ந்து செய்த படகு என்று கொழுந்தனார் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. எனக்கு எரிந்தது. ஆனால் அவரும் ஒரு வார்த்தை சொன்னார். அமாவாசை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் படகு கோவளத்துக்குப் போய் ஒரு பாரம் கட்டை ஏற்றி வரட்டும். அடிக்கட்டை நனையாமல் வந்தால் படகும் உங்களுடையது, தொட்டியும் உங்களுடையது. நனைந்தால் பிளக்கிற ஆட்களைக் கூப்பிடுவேன் என்றார். சரி என்றேன்.

நீ துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாய். வெட்கப்பட்டுப் போய்விட்டாய், இனி வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் ஒரு கைவண்டி வந்தது. அதில் குங்கிலிய மூட்டை, பின்னால் நீ. உன் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்திறங்கியதுமே விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. கந்தூரிச் சாம்பிராணியைப் படகுக்குப் பூசினவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய் என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கெடுத்ததை நீயே பார்த்து முடி என்று மூட்டையை ஏற்றி அனுப்பினாராம். கந்தூரிக்கு மறுபடி சரக்கு தேட அவர் என்ன பாடு பட்டாரோ, அதைப் பற்றி ஒரு சொல் என்னிடம் கேட்டதில்லை.

முதலில் பழைய பூச்சைச் சுரண்டினோம். நகம் பெயர்ந்தது, முதுகு ஒடிந்தது. சுரண்டியதைக் கொட்டிவிடப் போன என்னை நீ தடுத்தாய். சாம்பிராணியைக் குப்பையில் போடுகிறவள் வீடு விளங்காது என்று திட்டி, எல்லாவற்றையும் ஒரு பானையில் அள்ளி வைத்தாய். எண்ணெயும் பஞ்சும் சேர்ந்த அந்தத் தூளைத்தான் அப்புறம் பல வெள்ளிக்கிழமைகள் என் வீட்டில் போட்டோம். புகையை விடக் கரிதான் அதிகம் வந்தது, கூரையெல்லாம் கறுத்தது.

பிறகு நீ செய்ததுதான் வேலை. எத்தனை குங்கிலியத்துக்கு எத்தனை எண்ணெய் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் வரமாட்டான். நீ கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்து, ஒன்றில் தூள் கூட, ஒன்றில் எண்ணெய் கூட என்று சின்னச் சின்னதாகக் காய்ச்சி ஊற்றினாய். ஆறியதும் ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டு எடுத்து, விரலால் வளைத்துப் பார்த்தாய். தூள் கூடினது அப்பளமாக உடைந்தது. எண்ணெய் கூடினது பிசுபிசுத்து வழிந்தது. போதாததற்கு, சாம்பிராணியைக் கடித்துத் தரம் பார்க்கிற பழக்கத்தில் இதையும் கடித்துப் பார்த்தாய். அது பல்லில் ஒட்டிக்கொண்டு அன்று முழுக்க நீ வாயைத் திறக்கவில்லை. நான் உன்னைப் பார்த்ததிலிருந்து நீ பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள், "வளையணும், ஆனா ஒட்டக்கூடாது. அதான் பதம்" என்றாய். அந்தப் பதம் வந்த கொட்டாங்குச்சியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதை வெள்ளைச் சாம்பிராணியை விடப் பெருமையாக வைத்திருந்தாய்.

நைனா பஞ்சைத் திரித்துக் கொடுக்க, நான் உளியும் மரச்சுத்தியுமாக இடுக்கில் அடித்து ஏற்றினேன். அதன்மேல் நீ சூட்டோடு பூசினாய். ஒரு தடவை கொதிக்கிற குழம்பு உன் இடது மணிக்கட்டில் தெறித்து ஒட்டிக்கொண்டது. தோலோடுதான் வந்தது. நான் பதறிப்போனேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, சுட்டதே ஆற்றும், போய்க் குங்கிலிய வெண்ணெய் எடு என்றாய். குங்கிலியப் பொடியை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, தண்ணீரை வடித்து, மறுபடி விட்டுத் தேய்த்து வெண்ணெய்போல் வெள்ளையாகத் திரளுகிற வரைக்கும் அன்று நான்தான் கழுவினேன். எனக்குக் கை ஓய்ந்துபோனது. அதைத் தடவித் துணி சுற்றிவிட்டு, இனி நீ வரவேண்டாம் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறு கையால் கரண்டியை எடுத்தாய்.

அமாவாசைக்கு முன் படகு புறப்பட்டது. நான் போவது என்று முடிவு செய்திருந்தேன். நீ ஏறுவாய் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாய். நைனா கழி போட, அவர் மருமகன் கரையில் கயிற்றைப் பிடித்து இழுக்க, அடையாற்றைத் தாண்டித் தெற்கே போனோம். ஆற்று முகத்தில் கடல் தண்ணீர் ஏறி அலையடித்தது, படகு ஆடியது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நீ குனிந்து, படகின் அடிப்பலகையில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாய். மங்காவின் உச்சந்தலையில் வைத்த அதே கை, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஈரமில்ல."

போகிற வழியெல்லாம் அப்படியே செய்தாய். கட்டை ஏற்றித் திரும்பும்போது பாரத்தில் படகு நன்றாக அமிழ்ந்து வந்தது. அடிப்பலகை தெரியவில்லை. கட்டைகளுக்கு இடையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே வந்தாய். முழங்கை வரைக்கும் சிராய்ப்பு.

தொட்டிக்கு வந்ததும் கொழுந்தனார் ஆட்களை விட்டு மேல்கட்டைகளை எடுக்கச் சொன்னார். கடைசியில் அடிக்கட்டை வந்தது. அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்தது அவருக்குப் போதவில்லை போல, எதையோ தேடினார். நீதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துப்பட்டிக்குள்ளிருந்து சொன்னாய், "கையை வச்சுப் பாரு தம்பி."

அவர் படகுக்குள் இறங்கிக் குனிந்து பலகையில் கை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அந்தப் படகு அவர் அண்ணனுடையது இல்லையா, அவருக்கும் ஏதோ நெஞ்சில் வந்திருக்க வேண்டும்.

"ஈரமில்ல அண்ணி" என்றார். சொல்லிவிட்டுத் தானே முதல் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அடுக்கினார். அன்றிலிருந்து இன்றுவரைக்கும் தொட்டியில் என் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசியதில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் படகு கரையேறினால் நீ வந்துவிடுவாய். குங்கிலியச் சட்டியை ஏற்றும் முன் அடுப்புத் தணலில் ஒரு பிடி வெள்ளைச் சாம்பிராணி போட வேண்டும் என்று நீதான் ஆரம்பித்து வைத்தாய். கரைப் பெண்கள் அந்த நாளை எதிர்பார்த்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நிற்பார்கள். நம் முட்டாள்தனத்தை ஒரு பண்டிகை ஆக்கிவிட்டாய். கேலி செய்தவர்களே கூந்தலை விரித்துக்கொண்டு வந்து நின்றபோது உனக்கு எவ்வளவு சந்தோஷம்.

போன மாசியில் நீ படுத்தாய். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வியர்வையில் உன் தலை தெப்பமாக நனைந்திருந்தது. கூடையைக் கவிழ்த்து உன் முடியை அதன்மேல் பரப்பி, என் தொட்டிக் கரியில் உன் வீட்டுச் சாம்பிராணியைப் போட்டேன். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. உள்ளங்கையைப் புகையில் காட்டி உன் உச்சியில் வைத்தேன். நீ கண்ணைத் திறக்காமல், "ஈரம் போச்சா?" என்றாய். போச்சு அக்கா என்றேன். மறுநாள் மத்தியானம் நீயும் போய்விட்டாய். உன்னை எடுத்துக்கொண்டு போனபோது பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். உன் தலைமாட்டில் எரிந்த தூபக்காலுக்கும் நான்தான் கரி கொண்டு வந்து போட்டேன். அதற்கு மேல் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது.

இந்த வருஷம் கொழுந்தனார் வந்து நின்று, அவங்க இல்லாம எப்படி அண்ணி, அந்தப் பழைய ஆளையே கூப்பிடட்டுமா என்று கேட்டார். நல்ல மனசில்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். மங்கா பஞ்சு அடித்தாள். பதம் நான் பார்த்தேன். கொட்டாங்குச்சியில் ஊற்றி, ஆறவைத்து, வளைத்துப் பார்த்தேன். கடித்தும் பார்த்தேன் அக்கா. பல்லில் ஒட்டவில்லை. உன் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் வெள்ளைச் சாம்பிராணி கொடுத்தனுப்பியிருந்தார். தணலில் போட்டதும் பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. உன் கட்டையில் யாரும் உட்காரவும் இல்லை.

மத்தியானம் கடல் ஏறி வந்த ஏற்றத் தண்ணீரில் படகை இறக்கினோம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே இறங்கிக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிப்பலகையில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தேன். பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மங்கா பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். மேலேயிருந்து விழுந்ததுதான், என் கண்ணிலிருந்து. துடைத்துவிட்டு, மறுபடி கையை வைத்தேன். நாளைக் காலையில் கோவளத்துக்குப் போகிறோம். நானும் போகிறேன்.

ஈரமில்ல அக்கா.